எழுபத்திரண்டாம் முளை

அம்பியர் மானியின் முள் ஏறத் தொடங்கிவிட்டால் சந்தியோகு வாயிலுள்ள வெற்றிலையைக்கூட மெல்லுவதில்லை. கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு முள்ளையே பார்த்திருப்பார். "எண்பது... எண்பத்தஞ்சு... இன்னும் இறுகேல்லை, பிடி." கிரேன் சாரதி அசையாமல் பிடித்துக்கொண்டிருப்பான். முள் நூறைத் தொட்டு அங்கேயே நின்றால்தான் சந்தியோகுவின் கை மேலெழும். கிரேன் குழாயை அரை மீற்றர் தூக்கும். பிறகு மறுபடியும் அதே பார்வை.

வடமராட்சி கிழக்குக் கரையில் மூன்று மாடி மீன் குளிர்களஞ்சியம் ஒன்றுக்காக மணலை இறுக்குகிறார்கள். கிரேனில் தொங்கும் தடித்த இரும்புக் குழாய் நுனியால் தண்ணீரைப் பீச்சிக்கொண்டு, அதிர்ந்து அதிர்ந்து பத்து மீற்றர் ஆழத்துக்கு இறங்கும். அந்த அதிர்வில் மணல் கூழாகிப் பின் நெருங்கிப் படியும். மண் இறுக இறுகக் குழாயின் மோட்டார் திணறும், முள் ஏறும். அதைப் பார்த்துக் குறிப்பதுதான் ஐம்பத்தெட்டு வயதுச் சந்தியோகுவின் வேலை.

"கள்ள மண், தம்பி," என்றார், வேலையைப் பார்க்கப் போயிருந்த என்னிடம். "மேலை நடந்து பாத்தால் ஒண்டும் தெரியாது. உள்ளுக்கை முழுக்கத் தண்ணி."

பென்சிலால்தான் எழுதுவார். தெறிக்கும் நீரில் பேனை மை கரைந்துவிடும். நாளெல்லாம் இரைச்சலில் நிற்பதால் தொலைபேசியிலும் கத்தியே கதைப்பார். குருநகரிலிருக்கும் மகள் ஜெசிதா இன்றைக்கு என்ன சமைத்தாள் என்பது வேலைத்தளம் முழுவதற்கும் தெரியும். குழாய் ஆடாமலிருக்கக் கட்டும் கயிற்றைப் பிடித்துப் பிடித்து விரல்கள் விறைத்துவிட்டன. ஞாயிறுகளில் அங்கே போனால், பூசைக்குச் சேட்டுப் பொத்தானை மகள்தான் பூட்டிவிடுகிறாள்.

அவர் பிறந்தது இதே கரையில். சுனாமி வந்த வருடம், நத்தார்ப் பண்டிகை முடிந்த கையோடு ஜெசிதாவைக் கூட்டிக்கொண்டு குருநகரில் தமக்கை வீட்டுக்குப் போயிருந்தார். மனைவி அற்புதராணி காய்ச்சலென்று வீட்டில் நின்றுவிட்டாள். அலை அடித்த செய்தி கேட்டு ஓடிவந்தவர் இரண்டு நாள் ஆஸ்பத்திரிகளில் தேடினார். மூன்றாம் நாள் கரைக்கு வந்தபோது அடக்கமெல்லாம் முடிந்திருந்தது. ஊரவர் ஒருவர் மணலில் ஒரு இடத்தைக் காட்டினார். தனியாகப் புதைத்தார்களா, மற்றவர்களோடு சேர்த்தா என்று சொல்லக் காட்டியவருக்குத் தெரியவில்லை. பழைய கிணற்றுக்கட்டிலிருந்து கிழக்கே நாற்பத்தொரு கவடு என்று சந்தியோகு நடந்து அளந்து, ஒரு மரச்சிலுவையை நட்டார். பிறகு சண்டையில் இடம்பெயர்ந்து, வருடங்கள் கழித்துத் திரும்பினால், சிலுவை இல்லை. கிணற்றுக்கட்டு மட்டும் இருந்தது.

இந்த வருடம் கட்டடத்துக்கு இடம் குறித்து, குழாய் இறங்கவேண்டிய இடங்களில் இரண்டரை மீற்றருக்கு ஒன்றாக இலக்கமிட்ட முளை அடித்தார்கள். அன்று மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போனபின் சந்தியோகு கிணற்றடியிலிருந்து எண்ணிக்கொண்டு நடந்தார். நாற்பத்தொன்றாவது கவட்டில் காலடியில் நின்றது எழுபத்திரண்டாம் முளை.

நான்கு நாள் யாரிடமும் சொல்லவில்லை. ஐந்தாம் நாள் பொறியியலாளர் வாகீசனிடம் போய் நின்றார். மானிப்பாய்க்காரரான வாகீசனுக்கு அவருடைய பாதி வயதுகூட இராது.

"சேர், உந்த எழுபத்திரண்டிலை என்ரை மனிசி கிடக்கிறா."

வாகீசன் அந்த மூலையில் வேலையை நிறுத்தினார். பொலிசுக்கும் பங்குத்தந்தைக்கும் அறிவித்து, நீதிமன்ற அனுமதி எடுத்துத் தோண்டினார்கள். இரண்டு நாள் தோண்டினார்கள். பக்க மணல் சரிந்து சரிந்து விழுந்தது. கீழிருந்து தண்ணீர் ஊறியது. கிடைத்தவை சிப்பிகளும் ஒரு வலைத்துண்டும்தான். மணல் இருபது வருடத்தில் எங்கெங்கோ நகர்ந்திருக்கும் என்று தோண்ட வந்தவர்கள் சொல்லிப் போனார்கள். கவட்டுக் கணக்குப் பிழைத்திருக்கலாம் என்றும் ஒருவர் சொன்னார். சந்தியோகு குழியின் விளிம்பைவிட்டு அசையவில்லை.

வேலை தொடர அனுமதி வந்தது. அந்த முளையின் மேல்தான் ஒரு தூண் வரவேண்டும்; அங்கே இறுக்காமல் விட்டால் கட்டடத்தின் அந்த மூலை தாழ்ந்துவிடும். வாகீசன் அவரைத் தனியே கூப்பிட்டு, அதை இறுக்கும் நாளில் மட்டும் லீவில் நிற்கும்படியும், முள்ளை வேறொருவர் பார்ப்பார் என்றும் சொன்னார்.

"வேண்டாம் சேர். மற்றவன் எண்டால் அவசரப்படுவான். நானே பாக்கிறன்."

அன்று காலை நான் அங்கே இருந்தேன். குழாய் இறங்கியது. ஆழத்தில் மண் சீக்கிரம் இறுகியது. மேலே வரவர முள் ஏற மறுத்தது. கடைசி இரண்டு மீற்றரில் வழமையைவிட மூன்று மடங்கு நேரம் பிடிக்கச் சொன்னார். இலக்கங்களைக் கத்தவில்லை, கிரேன் சாரதி அவருடைய உதடுகளைப் பார்த்தே வேலை செய்தான். முள் நூறில் நின்றது. பென்சிலை எடுத்து எழுதினார். எழுத்து நேராகவே இருந்தது.

குழாய் வெளியே வந்ததும் மணல் அமர்ந்து, முளை நின்ற இடத்தில் இடுப்பளவு குழி விழுந்திருந்தது. அதை நிரப்பப் பெக்கோ இயந்திரம் தன் வாளி நிறைய மணலோடு உறுமிக்கொண்டு வந்தது. சந்தியோகு கையைக் காட்டி மறித்தார். சாரதி எஞ்சினை நிறுத்தினான். சந்தியோகு தலைக்கவசத்தைக் கழற்றி வைத்துவிட்டு, ஒருவனிடமிருந்து மண்வெட்டியை வாங்கி, வாளியிலிருந்த மணலைக் கொஞ்சம் கொஞ்சமாக அள்ளித் தானே குழிக்குள் போடத் தொடங்கினார்.