திரையில் வீடு திரும்பியவர்கள்

றமீலாவுக்குக் கோபம் வருவதை நான் கண்டதில்லை. அவளுக்கும் சேர்த்து நான்தான் கணினியோடு சண்டை பிடிப்பேன். 2008இல், காணாமல் போனவர்களைத் தேடும், கொழும்பு பொரளையில் இருந்த ஒரு சிறிய அலுவலகத்தில், பக்கத்து மேசைகளில் இருந்து நிரல் எழுதினோம். அவளுடைய புருசன் தவரூபனும் எங்கள் தரவுத்தளத்தில் ஒரு பதிவு. வேலைக்குப் போகும் வழியில், வெள்ளவத்தையில் வைத்து யாரோ வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

ஒரு காலை அவளுடைய மாமியார் நாகேஸ்வரி அழைப்பெடுத்தார். எங்கள் விசாரணைப் பிரிவிலிருந்து யாரோ பேசி, மகன் வந்துவிட்டார்தானே, தேடுவதை நிறுத்தலாமா என்று கேட்டார்களாம். மனிசி சமைத்து வைத்துவிட்டு வாசற்கதவைத் திறந்துபோட்டுக் காத்திருக்கிறாராம். அந்த நாட்களில் வெள்ளவத்தையில் எந்தத் தமிழர் கதவைத் திறந்துபோட்டார்?

றமீலா பதிவைத் திறந்தாள். நிலை: வீடு திரும்பியவர். அப்படி எழுதும்படி யாரும் சொல்லவில்லை. துருவிப் பார்த்தால் கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான். செத்தாரோ இருக்கிறாரோ தெரியாத இன்னும் எத்தனையோ பேர் எங்கள் திரையில் வீடு வந்து சேர்ந்திருந்தார்கள். அந்தப் பெயர்களை வாசிக்கவே பயமாக இருந்தது.

எல்லாம் அடிக்கடி வீடு மாறிய குடும்பங்கள் என்று கண்டுபிடித்தவள் அவள்தான். பொலிஸ் கரைச்சலுக்குப் பயந்து வீட்டுக்காரர் எழுப்பிவிட, எங்கள் சனம் அறை அறையாக அலைந்த காலம். பிள்ளை தேடி வந்தால் வழி தெரிய வேண்டுமே என்று, தாய்மார் ஒவ்வொரு முறையும் புது முகவரியைச் சொல்லிவிடுவார்கள். நாங்கள் அந்த முகவரியை மட்டும் இணையம் வழியாகத் தரவுத்தளத்துக்கு அனுப்புவோம். பதிவில் நாங்கள் அனுப்பாத மற்ற இடங்களை இருந்தபடி விடாமல், அந்தச் சனியன் பிடித்த நிரல் பூச்சியத்தால் நிரப்பியது. எங்கள் முறையில், நிலை என்ற இடத்தில் பூச்சியம் என்றால் வீடு திரும்பியவர்.

நிரலைத் திருத்துவது சின்ன வேலை. பழைய நிலையைத் திரும்பப் போடுவதுதான் மனதை அறுத்தது. போடாவிட்டால் சிறைகளிலும் முகாம்களிலும் அவர்களை யாரும் விசாரிக்கப் போவதில்லை. தவரூபனுடையதை நான் செய்கிறேன் என்றேன்.

"வேண்டாம். அவர் என்ர ஆள்," என்றாள். 'காணாமல் போனவர்' என்று தன் கையாலேயே மாற்றினாள்.

பின்னேரம் அவளுடைய வீட்டுக்கு நானும் கூடப் போனேன். கணினி பிழை விட்டதென்று மாமியிடம் மெல்லச் சொன்னாள். மனிசி திருப்பிக் கேட்டார்:

"கொம்பியூட்டர் வந்திட்டான் எண்டு சொன்னது. வரேல்லை எண்டு போட்டது ஆர்?"

"நான்தான், மாமி. இல்லாட்டி ஒருத்தரும் தேடமாட்டினம்."

அதற்குப் பிறகு நாகேஸ்வரி அவளோடு கதைக்கவேயில்லை. இருவரும் ஒரே அறையில் இருந்தார்கள், ஒரே பானையில் சோறு தின்றார்கள். தவரூபன் இன்றுவரை வரவில்லை. தாய்க்கு மட்டும் அவன் ஒருநாள் வந்த பிள்ளை. றமீலா அவனைத் திருப்பி அனுப்பிவிட்டவள்.