வடக்கே தலை வைத்த நிழல்

அமலராணி டீச்சருக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. பாடப்புத்தகத்துக் குளிர்காலத்தில் அதைவிடக் கிடையாது. குரும்பகரத்துப் பக்கம் ஒரு தொடக்கப்பள்ளியில் ஒன்றாம் இரண்டாம் வகுப்புகளை ஒரே அறையில் வைத்து மேய்க்கிறார். புத்தகத்தில் பனிமனிதன் நிற்கிறான். இந்த ஊரில் மார்கழிக்கு ஒரு மஃப்ளர் போதும். பொழுது நீள்வதையும் குறுகுவதையும் பிள்ளைகளுக்குக் காட்ட வேறு வழி வேண்டியிருந்தது.

வழி, விஷ்ணுப்ரியா. ஆடாமல் அசையாமல் நிற்கத் தெரிந்த ஒரே பிள்ளை. மாதம் ஒருமுறை உச்சிவேளையில், முற்றத்துச் சிமெண்டில் ஒரே இடத்தில் அவளை நிறுத்தி, விழுந்த நிழலைச் சுற்றி வெள்ளைப் பெயின்ட்டால் கோடு போட்டார். மார்கழியில் நீளம். தையில் சற்றுக் குட்டை. மாசியிலும் பங்குனியிலும் இன்னும் குட்டை. பொழுது வளர வளர நிழல் தேயும், பாடம் இவ்வளவுதான். சித்திரை பிறந்த வாரம் நிழல் காலடியில் ஒளிந்துகொண்டது. பிள்ளைகள் கைதட்டினார்கள். விஷ்ணுப்ரியா மட்டும் காலைத் தூக்கித் தூக்கிப் பார்த்தாள்.

மறுநாள் அவள் அம்மா தேவிகா வந்தாள். தலையில் உளுந்து அடித்த தூசி.

"எம்புள்ளைய இப்புடி வடக்க தல வச்சுப் படுக்க வச்சிருக்கீங்களே டீச்சர். அதுவும் மாசத்துக்கு மாசம் தேய்ச்சு."

அமலராணி முற்றத்தை முதன்முறை பார்ப்பதுபோலப் பார்த்தார். ஒன்றுக்குள் ஒன்றாக நான்கு பெண்பிள்ளைகள் வடக்கே தலை வைத்துப் படுத்திருந்தார்கள். அவர் வீடு மாதா கோயிலுக்குப் போகும் வேதக்காரர் வீடு. கட்டில் போட இடமிருக்கும் பக்கம்தான் தலை. இது தோன்றவே இல்லை.

"நெழல்தானே தேவிகா. சூரியன் தெக்க நின்னா நெழல் வடக்கதான் விழும்."

"அது சரி. நான் தெக்க தல வச்சுதான் படுக்கப் போடுறேன். விடிஞ்சு பாத்தா வடக்க கெடக்குறா. மார்கழிலேருந்து இப்புடித்தான். கைகாலச் சேத்துக்கிட்டு, ஆடாம அசையாம."

சிரிக்க வாயெடுத்த அமலராணிக்குச் சிரிப்பு வரவில்லை.

"சூரியன் இனிமே வடக்க போவும். லீவு முடிஞ்சு ஆனியில வாங்க. நெழல் தெக்க விழும், பாருங்க."

"விழலன்னா டீசிய குடுத்துடுங்க. வேற பள்ளிக்கூடம் பாத்துக்கிறோம்."

விடுமுறையில் டீச்சரே மண்ணெண்ணெய் ஊற்றிக் கோடுகளைத் தேய்த்தார். மூன்று போயின. மார்கழிப் பெண் போகவில்லை.

ஆனி முதல் வாரம் தேவிகா சொன்னபடி வந்தாள். உச்சிவெயிலில் விஷ்ணுப்ரியா பழைய இடத்தில் நின்றாள். நிழல் குட்டையாக, சந்தேகத்துக்கு இடமில்லாமல், தெற்கே விழுந்தது.

"லீவு பூரா தெக்க தல வச்சே தூங்குனா டீச்சர். பொரளவே இல்ல. நீங்க சொன்னது சரியாப் போச்சு."

டீச்சர் சொன்னது சூரியனைப் பற்றி. சரியாய்ப் போனது வேறெதுவோ. ஆனாலும் டீசி பேச்சு நின்றது. பிள்ளை கைவிட்டுப் போகவில்லை. அந்த நிம்மதியில் அமலராணி அதற்குமேல் வாதாடவில்லை.

அம்மா போனபிறகும் விஷ்ணுப்ரியா அங்கேயே நின்றாள். பாடம் அவளுக்கு நன்றாக ஏறியிருந்தது.

"ஆவணியில சூரியன் திரும்பவும் தெக்க போவும்ல டீச்சர்?"

"போவும்."

"அப்ப நானும் வடக்க திரும்பிடுவேன்."

சரியான விடைக்கு 'வெரி குட்' சொல்வது டீச்சரின் வழக்கம். அன்று அவர் பார்வை மார்கழிக் கோட்டின்மேல் இருந்தது. விஷ்ணுப்ரியா அதை எதிர்பார்க்கவும் இல்லை. தூங்குகிறவளை எழுப்பிவிடக் கூடாது என்பதுபோல, மார்கழிப் பெண்ணின்மேல் கால் படாமல் சுற்றிக்கொண்டு வகுப்புக்குப் போனாள்.