வெண்டிலேட்டரில் ஊறிய அகராதி

போன வாரம் அலமாரியைத் துடைக்கும்போது அந்த ஸ்பானிஷ் அகராதி கையில் வந்தது. தண்ணீரில் ஊறிக் காய்ந்து, சரியாக மூடாமல், நனைந்த அப்பளக்கட்டு மாதிரி உப்பிக் கிடந்தது. முகர்ந்து பார்த்தேன். இத்தனை வருடம் கழித்தும் லேசான ஃபினாயில் வாடை. "இதப் பழைய பேப்பர்காரர்கிட்ட போட்டுடவா?" என்றாள் மனைவி. போட முடியாது. அதை நனைத்த பாவி நான்தான்.

சேலையூரில் வளர்ந்தவனுக்கு ஸ்பானிஷ் எதற்கு என்று நீங்கள் கேட்பது நியாயம். இரண்டாயிரத்துச் சொச்சத்தில் நான் மோர்மன் என்ற கிறிஸ்தவ சபையில் இருந்தேன். அங்கே பையன்கள் பத்தொன்பது வயதில் இரண்டு வருடம் ஊழியத்துக்குப் போவார்கள். எந்த ஊர் என்று கடிதம் வரும். என் கடிதத்தில் பெரு என்று இருந்தது. அப்பா அட்லஸை விரித்து, அது கடலுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று அரைமணி நேரம் தேடினார். எங்கள் தெருவில் முதன்முதலாக விமானம் ஏறப்போகிறவன் நான். ஊழியத்தில் ஆசை இல்லாமல் இல்லை. விமானத்தில் கொஞ்சம் கூடுதலாக இருந்தது, அவ்வளவுதான்.

விசா வரும்வரை கேம்ப் ரோடு பக்கம் ஒரு மாடி வீட்டில் பயிற்சி. என்னோடு பல்லாவரத்துப் பையன் ஒருவன், அவனுக்கும் பெரு. ஊழியக்காரர்களை 'எல்டர்' என்ற பட்டத்தோடு குடும்பப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். நமக்கு ஏது குடும்பப் பெயர்? அப்பா பெயர்தான். ஆக நான் எல்டர் முனுசாமி, அவன் எல்டர் தேசிங்கு. பயிற்சி தொடங்குவதற்கு முதல்நாள் அவன் எங்கள் வீட்டுக்கு ஃபோன் போட்டு, "முனுசாமி கீறானா?" என்று கேட்டான். எடுத்தது அப்பா. "கீறேன், சொல்லு" என்றாராம்.

அந்த வீட்டில் மூன்று விதிகள் முக்கியம். காபி, டீ தொடக்கூடாது. துணையாக வந்தவனை ஒரு நிமிடம்கூடப் பார்வையிலிருந்து விடக்கூடாது; குளியலறைக்கு மட்டும் விலக்கு. காலை ஏழிலிருந்து மாலை ஆறு வரை எங்களுக்குள் ஸ்பானிஷ் மட்டும்தான். பதினைந்து நாளுக்கு ஒரு சனிக்கிழமை அமெரிக்கத் தலைவர் ஒருவர் வருவார். இளமையில் பெருவிலேயே ஊழியம் செய்தவர். ஸ்பானிஷிலேயே விசாரிப்பார். கடைசிக் கேள்வி, "உன் துணை விதிகளைக் கடைப்பிடிக்கிறாரா?" அவர் தலையாட்டினால்தான் விமானம். இரண்டு மாதமும் நாங்கள் இருவரும் "சி, சி" என்று ஆமோதித்தோம். ஏனென்றால் எங்களுக்குத் தெரிந்தது 'சி' மட்டும்தான்.

பகலில் வீடு வீடாகப் போய்ப் பேசிப் பழக வேண்டும். வெள்ளைச் சட்டை, டை, பையில் புத்தகம். பார்க்கிறவர்களெல்லாம் எங்களை மெடிக்கல் ரெப் என்றே முடிவு கட்டினார்கள். ஒரு செவ்வாய்க்கிழமை, ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் எங்களை உட்காரவைத்து, "பி.பி. மாத்திரை சாம்பிள் வச்சிருக்கீங்களா தம்பி?" என்று கேட்டார். இல்லை என்று சொல்லி முடிப்பதற்குள் இரண்டு டம்ளர் காபி வந்துவிட்டது. அந்த வாசனையை நான் எழுதப்போவதில்லை, எழுதினால் இப்போதே எழுந்து போய்விடுவேன். தேசிங்கு தண்ணீர் கேட்டான். நான் டம்ளரை எடுத்தேன். கடைசி நுரை வரை குடித்தேன். பார்வையை விலக்கக் கூடாது என்பது விதியாயிற்றே, அவன் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தான்.

வெளியே வந்தபோது மணி பதினொன்று. அவனுக்குக் கோபம் பொங்குகிறது, திட்ட ஸ்பானிஷ் தெரியாது. ஏழு மணி நேரம் அப்படியே அடக்கிவைத்திருந்தான். ஆறு அடித்ததும் மடை திறந்தது.

"இன்னா மச்சான் நீ! கர்த்தருக்குக் குட்த்த வாக்க ஒரு டம்ளர் காபிக்கு வுட்டுட்டியே! சனிக்கெழம அவரு கேட்டா நான் சொல்லத்தான் போறேன். பொய்யெல்லாம் எனக்கு வராது."

"எப்படிடா சொல்வே? உனக்குத்தான் ஒரு வாக்கியம்கூடத் தெரியாதே?"

"கத்துக்குனு சொல்வேன்."

சொன்னபடியே உட்கார்ந்துவிட்டான். இரண்டு மாதமாகப் பாடக் குறுந்தகடு ஓடினால் தூங்கிவழிந்தவன், என்மேல் புகார் சொல்வதற்காக அகராதியைப் புரட்டு புரட்டென்று புரட்டினான். சமைக்கும்போதும் முணுமுணுத்தான். நோட்டில் முதல் வார்த்தை 'கஃபே', அதாவது காபி. என் விமானம் என் கண் முன்னாலேயே தரையிறங்கிக்கொண்டிருந்தது.

அகராதியை ஒளித்துவிட்டால்? ஆனால் எப்போதும் உங்களையே பார்த்துக்கொண்டிருக்கிறவனிடமிருந்து ஒரு பொருளை எப்படி ஒளிப்பீர்கள்? குளியலறைதான் வழி. வியாழக்கிழமை காலை துண்டுக்குள் சுருட்டிக் கொண்டுபோய் கூரையோர வெண்டிலேட்டர் ஜன்னலில் வைத்தேன். அன்றைக்கென்று பார்த்து மாடித் தொட்டி நிரம்பி, வெண்டிலேட்டர் வழியாக அகராதிமேல் வழிந்தது. தேசிங்கு வீடு முழுக்கத் தேடிவிட்டு, "லிப்ரோ? லிப்ரோ?" என்று என்னிடம் வந்து நின்றான். "நோ" என்றேன். ஸ்பானிஷில் சொன்னதால் அந்தப் பொய் அவ்வளவாக உறுத்தவில்லை. அதன்பிறகு அவன் அகராதியைத் தேடவில்லை. குறுந்தகட்டைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டான்.

சனிக்கிழமை. தலைவர் அவனை முதலில் கூப்பிட்டார். கம்பிக் கதவுக்கு இந்தப் பக்கம் நான். கடைசிக் கேள்வி வந்தது. தேசிங்கு எழுந்து நின்று, பள்ளிக்கூடத்தில் செய்யுள் ஒப்பிக்கிறவன்போல, தட்டுத் தடுமாறினாலும் நிற்காமல் பேசினான். நடுவே 'கஃபே' என்றது எனக்கே கேட்டது. தலைவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

என் முறை வந்தபோது, எனக்குப் புரிய வேண்டும் என்பதற்காகவே ஆங்கிலத்துக்கு மாறினார். "காபியை மன்னித்துவிடலாம். உன் துணையும் மனசுக்குள் அதைக் குடித்தாராம், அதையும் சேர்த்துத்தான் சொன்னார். ஆனால் நாலு நாளில் அவர் கற்றுக்கொண்டதை நீ இரண்டு மாதத்தில் கற்றுக்கொள்ளவில்லை. அவர் முதலில் போகட்டும்."

மாடிப்படியில் போய் உட்கார்ந்தேன். அவனும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான், வேறு வழியில்லையே. ஆறு அடித்ததும் கேட்டேன்: "அகராதி காணாமப் போனத ஏன்டா சொல்லல?"

"எங்க காணாமப் போச்சு? வியாழக்கெழமையே குளிக்கறப்ப பாத்தேன்."

"பின்ன?"

"வெண்டிலேட்டருக்கு ஸ்பானிஷ்ல இன்னா பேருன்னு தெர்ல மச்சான். அதான் வுட்டுட்டேன்."

பொய் வராது என்று சொன்னவன். நான் அழுதுவிட்டேன்.

அடுத்த மாதம் அவன் கிளம்பினான். விமான நிலைய வாசலில் அகராதியை என் கையில் திணித்து, "இனிமே இது உனுக்குத்தான் வேணும்" என்றான். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் அவன் மறைந்ததும், விதியை மீறிவிட்ட பயத்தில் எட்டி எட்டிப் பார்த்தேன். எனக்கு விசா வரவேயில்லை. காபிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று எல்லோரும் அடித்துச் சொன்னார்கள். பிறகு நான் என்ன ஆனேன் என்று யூகியுங்கள் பார்ப்போம். அதேதான், மெடிக்கல் ரெப். சாம்பிள் கிடைத்த முதல் மாதமே பி.பி. மாத்திரையோடு டீச்சர் வீட்டுக்குப் போனேன். அங்கே வீட்டை இடித்துக் கம்பி கட்டிக்கொண்டிருந்தார்கள். எங்கள் மாடி வீடும் இப்போது இல்லை. அந்த இடத்தில் பைக் ஷோரூம் நிற்கிறது. சபைக்கு நான் போவதும் மெல்ல நின்றுபோயிற்று.

தேசிங்கு பெருவிலேயே கல்யாணம் செய்துகொண்டு தங்கிவிட்டான். வருடத்துக்கு ஒருமுறை கூப்பிடுவான். தமிழ் வார்த்தைக்கு நடுநடுவே தடுமாறுகிறான். போனமுறை, என்ன செய்துகொண்டிருக்கிறாய் என்று கேட்டான்.

"காபி குடிச்சிட்டிருக்கேன்டா."

மெதுவாகச் சொன்னான்:

"நான் பாக்கல மச்சான்."