நெஞ்சுக்குள் ஒரு பப்பாசிக்காய்

போன செவ்வாய்க்கிழமை நாங்கள் குடியிருக்கும் தோர்ண்டன் ஹீத்தில் பஸ் பிடித்து, மனைவி மலரை நெஞ்சு கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். மூச்சுக்குழாய்கள் விரிந்து, சளி தேங்கும் நோய் அவருக்கு. ஒரு சின்னப் போத்தலைக் கொடுத்து, இருமித் துப்பச் சொன்னார்கள். ஒரு பங்கு டாக்டருக்கு – எந்த மருந்துக்குக் கிருமி அடங்கும் என்று பார்க்க. மற்றப் பங்கு ஆராய்ச்சிக்கு.

வீட்டில் ஓயாமல் இருமுகிறவர்... அங்கே ஒரு துளி வரவில்லை. ஏன்?

பக்கத்தில் நான் இருந்தேன். அதுதான் காரணம்.

கலியாண வீடு, கோயில், பஸ் – எங்கே இருமினாலும் முறைப்பேன். "சபையில இருமாதையப்பா, ஆக்கள் காசம் எண்டு நினைக்கப்போகினம்" என்பேன். மகளுக்கு மாப்பிள்ளை தேடிய காலத்தில் தொடங்கிய பழக்கம் அது. மகளுக்குக் கலியாணமாகி, பேரப்பிள்ளைகளும் வந்துவிட்டார்கள். என் முறைப்பு மட்டும் நிற்கவில்லை. மலரும் சளியை விழுங்கப் பழகிவிட்டார். நீங்கள் என்னைத் திட்டலாம். நியாயம்தான்.

ஆராய்ச்சி செய்கிற பிள்ளை உள்ளே வந்தாள். பார்த்தால் ஆரணி – என் பள்ளித் தோழனின் மகள். சட்டென்று கையிலிருந்த பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்தேன்.

போன வருடம் எங்கள் பழைய மாணவர் சங்க ஒன்றுகூடலில், இந்த ஆய்வுக்கு நம்மவர்களும் முன்வர வேண்டும் என்று பேச அவள் கொஞ்ச நேரம் கேட்டிருந்தாள். தலைவர் நான். "சாப்பாட்டுக்கு முன்னம் சளிக் கதையோ, பிள்ளை?" என்று மறுத்துவிட்டு, அந்த நேரத்தில் நானே பாட ஆரம்பித்தேன்.

ஆரணி மலருக்கு அருகில் உட்கார்ந்தாள்.

"அன்ரி, கிருமியைக் கொல்ல உடம்பு ஒரு நொதியை விடுது. அது புரதத்தை வெட்டும். அளவு மிஞ்சினால் நுரையீரலையும் வெட்டத் தொடங்கிடும்."

"இறைச்சி மெத்தெண்டு வேகப் பப்பாசிக்காய் போடுற மாதிரியோ?" என்றார் மலர்.

"ஓம் அன்ரி! அதிலயும் புரதம் வெட்டுற நொதிதான் இருக்கு. பப்பாசிக்காய் கூடிப்போனால்?"

"கறி களியாப் போயிடும்."

"உங்கட நெஞ்சுக்குள்ளயும் அதுதான் நடக்குது. அந்த நொதியை மருந்தால அடக்க ஏலுமோ எண்டு பாக்கிறம்."

பேப்பரை இறக்கினேன். "இவவுக்கு அந்த மருந்து எப்ப கிடைக்கும்?"

"தெரியாது அங்கிள். அந்த நொதியைக் குறிவைச்சது சரியோ எண்டே இன்னும் பாத்துக்கொண்டிருக்கிறம். வரும் எண்டு பொய் சொல்ல ஏலாது."

இந்த நேர்மைக்கு முன்னால் எங்கே ஒளிவது?

"பிள்ளை, அண்டைக்கு உன்னைக் கதைக்க விடாதது என்ர பிழை. இவவை இரும விடாததும் என்ர பிழைதான்."

"கதைக்க விடாதது பரவாயில்லை அங்கிள். பாடினதுக்குத்தான் நீங்கள் மன்னிப்புக் கேக்கவேணும்."

மலருக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு இருமலாக மாறியது. உடனே சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார் – அனுமதி கேட்பதுபோல. அந்தப் பார்வையைப் பழக்கியவன் நான்தானே...

"இருமப்பா," என்றேன். "நல்லா இரும்."

ஆரணி ஒரு கையால் போத்தலைப் பிடித்து, மறு கையால் அவர் முதுகைத் தடவிக்கொடுத்தாள். அவளுக்கு அங்கேயே நன்றி சொல்லியிருக்க வேண்டும். போத்தல் மூடியை எடுத்துக் கொடுத்தேன், அவ்வளவுதான். அதனால்தான் இங்கே சொல்கிறேன்.

எங்கள் மணவாழ்க்கையில் நான் சந்தோஷமாகக் கேட்ட முதல் இருமல் அதுதான்.