இருட்டில் ஒன்பது பேர்

பயப்படுவதில் பிஷ்கெக் நகரத்தில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று கனிஷையே சொல்வாள். சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். ஆனால் சொல்லி முடிப்பதற்குள் கண் ஒரு தடவை வாசல் கதவுக்குப் போய்விட்டு வரும்.

நாரின் என்ற ஊர்ப் பக்கத்து மலையிலிருந்து இருபது வயதில் ஒரு பழைய கால் தையல் மிஷினோடு பஸ் ஏறி வந்தவள். இன்றைக்கு நாற்பத்தாறு. ஐந்து மாடிக் குடியிருப்பு ஒன்றின் அடித்தளத்தில் தையற்கூடம் வைத்திருக்கிறாள். அவளையும் சேர்த்து ஒன்பது பெண்கள். பள்ளிப் பிள்ளைகளுக்குச் சட்டை, பெண்களுக்கு வீட்டு கவுன். சரக்கு எல்லை தாண்டி கஜகஸ்தானுக்குப் போகும். புருஷன் செத்து எட்டு வருஷம் ஆகிறது. மகள் கல்லூரியில் படிக்கிறாள். இந்தக் கூடம் போனால் அவளுக்கு வேறு கதி கிடையாது. அதை அவள் ஒரு நாள்கூட மறந்ததில்லை.

அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் தையற்கூடம் நடத்துவதென்றால் ஒளிந்து நடத்துவதுதான். பதிவு கிடையாது, பலகை கிடையாது, ஜன்னலுக்கெல்லாம் கறுப்பு பெயின்ட். சோதனை அதிகாரிகளின் வெள்ளைக் கார் வந்து நின்றால், மேலே படிக்கட்டு ஓரத்தில் சூரியகாந்தி விதை வறுத்து விற்கும் ஹாலிதா தன் இரும்புக் கரண்டியால், அடித்தளம் வரை இறங்கும் வெந்நீர்க் குழாயை மூன்று தட்டுத் தட்டுவாள். டங், டங், டங். அவ்வளவுதான். கீழே மெயின் சுவிட்ச் இறங்கும், கதவுக்குத் தாழ்ப்பாள் விழும், போன்கள் அணையும். பெண்கள் மிஷின் மிதியிலிருந்து காலை எடுத்து நாற்காலிக்கு அடியில் மடக்கிக்கொண்டு, மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருப்பார்கள். வந்தவன் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போகும் வரைக்கும் தும்மல்கூட வரக் கூடாது. புதிதாக வேலைக்கு வரும் பெண்ணுக்குக் கனிஷை ஊசியில் நூல் கோக்கச் சொல்லித் தரமாட்டாள். முதல் பாடம் இதுதான்.

"இது தையல் வேலையா, திருட்டு வேலையா அக்கா?" என்று எல்னூரா ஒருமுறை கேட்டாள். வாய்த் துடுக்கான பெண்.

"ரெண்டும்தான். வாயை மூடிக்கிட்டு காலர் தை."

இந்தப் பாடத்துக்கு ஒரு காரணம் அங்கேயே உட்கார்ந்திருந்தது. மைராம். கனிஷையைவிட ஆறு வயது மூத்தவள். ஒரு காலத்தில் ஊரின் இன்னொரு கோடியில் நாலு மிஷின் வைத்துச் சொந்தமாகத் தொழில் செய்தவள். ஒருநாள் தோல் ஜாக்கெட் போட்ட நாலு பேர் வந்தார்கள். எந்த ஆபீஸ் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. மைராமும் பெண்களும் விளக்கை அணைத்து உட்கார்ந்திருந்தார்கள். வந்தவர்கள் திரும்பிப் போகப் படியேறியும்விட்டார்கள். அப்போது யாருடைய காலோ மிதியில் பட்டுவிட்டது. விளக்கை மட்டும்தான் அணைத்திருந்தார்கள், மெயின் சுவிட்சை இறக்கவில்லை போல, மின்சாரம் இருந்தது. டர்ர் என்று ஒரே ஒரு சத்தம். கதவை உடைத்துக்கொண்டு வந்து நாலு மிஷினையும் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். மைராம் நாற்காலியில் உட்கார்ந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தாளாம். அப்புறம்தான் கனிஷையிடம் வந்து சேர்ந்தாள். இப்போதும் கத்தரிக்கோல் கீழே விழுந்தால் அவளுக்கு முகம் வெளுத்துவிடும்.

ஒளிந்து தைத்தால் ஒளிந்து மட்டும்தான் தைக்க முடியும். கஜகஸ்தான் வியாபாரி போன வருஷம் சட்டையைக் கையில் எடுத்து உதறிக் காட்டினான். "துருக்கிக்காரன் தையலைப் பாரும்மா, இதைப் பாரு. உன்னோடது ரெண்டு தடவை துவைச்சா பிரியுது. அடுத்த தடவை நான் வரமாட்டேன், கோவிச்சுக்காதே." கனிஷை கோபித்துக்கொள்ளவில்லை. அவன் சொன்னது உண்மை. கிழட்டு மிஷினை வைத்துக்கொண்டு துருக்கியோடும் சீனாவோடும் மல்லுக்கு நிற்க முடியுமா?

நம்முடையது சின்ன நாடு. நம் சட்டையை நாமே போட்டுக் கிழித்தால்கூட அத்தனை கூடத்துக்கும் வேலை கிடைக்காது. வெளியே விற்றால்தான் சோறு. இந்த விஷயம் அரசாங்கத்துக்கும் ஒருவழியாக உறைத்தது. சிறுதொழில்காரர்கள் வெளிநாட்டுச் சரக்கோடு போட்டி போட வேண்டும் என்று ஒரு திட்டம் போட்டார்கள். புது மிஷின்கள் தருவோம், மூன்று வருஷம் ஒழுங்காக நடத்தினால் உனக்கே சொந்தம். ஆனால் எல்லோரையும் பதிவு செய்ய வேண்டும். சொல்லாமல் கொள்ளாமல் வந்து பார்ப்போம். இரண்டு முறை மூடிக் கிடந்தால் மிஷின்கள் அடுத்தவருக்குப் போகும்.

கனிஷை ஒரு மாதம் யோசித்தாள். அப்புறம் எழுதிப் போட்டாள். ஒன்பது பெயரும் பதிவில் ஏறின. ஆறு மிஷின்கள் வந்து இறங்கின. அடேயப்பா, என்ன மிஷின்! வெண்ணெயில் கத்தி போகிற மாதிரி தைத்தது. அந்த வியாபாரி, மாதிரிக்குத் தைத்த சட்டையை இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டு, "இப்ப பேசலாம்" என்றான். எல்லாம் சட்டப்படி. எவனுக்கும் பயப்பட வேண்டியதில்லை. கறுப்பு பெயின்ட்டைச் சுரண்ட வேண்டும் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். யாரும் சுரண்டவில்லை.

நவம்பர் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, மத்தியானம். குழாயில் டங், டங், டங்.

கனிஷை யோசிக்கவே இல்லை. யோசிக்க நேரமிருந்தது, ஆனால் கை முந்திக்கொண்டது. சுவிட்ச் இறங்கியது, தாழ்ப்பாள் விழுந்தது. எட்டுப் பெண்களும் காலை மடக்கினார்கள். வெளியே யாரோ தட்டினார்கள், ஒரு பெண் குரல் என்னவோ கேட்டது. உள்ளே ஈ பறக்கிற சத்தம்கூட இல்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. கடைசியில் கதவின் அடியில் ஒரு காகிதம் நுழைந்தது.

போன் வெளிச்சத்தில் எல்னூராதான் வாசித்தாள். "திட்ட ஆய்வு. கூடம் மூடியிருந்தது. முதல் முறை." வாசித்துவிட்டு நிமிர்ந்தாள். "அக்கா, வந்தது அவங்கதான். நமக்கு மிஷின் குடுத்தவங்க."

கனிஷை தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். திருடன் வந்தால் ஒளியலாம். மிஷின் கொடுத்தவர்கள் வந்தபோதும் ஒளிந்துகொண்டாளே, பாவி! யாரைத் திட்டுவது? சுவிட்சை இறக்கியது அவள் கைதானே.

மறுநாளே திட்ட ஆபீசுக்கு ஓடினாள். அங்கே கெரெஸ் என்று ஓர் அதிகாரி, முப்பத்தைந்து வயதிருக்கும். கதவடியில் காகிதம் போட்டவள் அவள்தான். பொறுமையாகக் கேட்டாள்.

"அப்ப நீங்க உள்ளேதான் இருந்தீங்களா?"

"உள்ளேதான் மேடம். ஒன்பது பேரும்."

"இருந்துகிட்டே கதவைத் திறக்கல. அதை நான் எப்படிம்மா எழுதறது? ஆய்வுக்கு மறுத்தாங்கன்னுதான் எழுதணும். அது இதைவிட மோசம். மிஷின் அன்னைக்கே போயிடும்." அப்புறம் குரலைத் தணித்தாள். "மூடியிருந்ததாவே இருக்கட்டும். அடுத்த தடவை திறந்து வைங்க. உங்களுக்கு அடுத்த பேரு பட்டியல்ல காத்துக்கிட்டிருக்கு. அப்புறம் என்னால ஒண்ணும் செய்ய முடியாது."

அன்றிலிருந்து கனிஷைக்குத் தூக்கம் போயிற்று. முன்பு வெள்ளைக் கார் வந்துவிடுமோ என்று பயந்தாள். இப்போது வந்தால் தன் கை என்ன செய்துவிடுமோ என்று பயந்தாள். ஹாலிதாவிடம் போய், இனிமேல் குழாயைத் தட்டவே கூடாது, செங்கிஸ்கானே வந்தாலும் தட்டக் கூடாது என்று சத்தியம் வாங்கினாள். "அப்ப கரண்டியை வச்சு நான் என்ன பண்றது?" என்று அவள் கேட்டதற்கு, "விதையைக் கிண்டு" என்றாள். மெயின் சுவிட்சின் மேல் ஒரு பலகையை வைத்து நாலு ஆணி அடித்தாள். தாழ்ப்பாளைப் போடக் கூடாது என்று உத்தரவு. காலையில் தானே திறந்து வைப்பாள். பத்து மணிக்குப் பார்த்தால் போட்டிருக்கும். யார் போட்டது என்று கேட்டால் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்ப்பார்கள். இரண்டு முறை அவளே போட்டுக்கொண்டிருந்ததை எல்னூரா கையும் களவுமாகப் பிடித்தாள்.

மைராம் மட்டும் புது மிஷினில் உட்காரவே மாட்டேன் என்றுவிட்டாள். மூலையில் கிடந்த கனிஷையின் பழைய கால் மிஷினில்தான் பட்டன் பட்டி தைப்பாள். "எடுத்துட்டுப் போகப்போற மிஷின்ல உட்கார்ந்து பழகக் கூடாது" என்றாள், ஒரே ஒரு தடவை.

டிசம்பர் நடுவில் அது நடந்தது. பனி கொட்டிக்கொண்டிருந்தது. சாயங்காலம் நாலு மணி. புதுசும் பழசுமாக எட்டு மிஷின்களும் ஓடிக்கொண்டிருந்தன, கனிஷை துணி வெட்டிக்கொண்டிருந்தாள். சட்டென்று விளக்கு அணைந்தது. மிஷின்கள் ஒரே சமயத்தில் வாயை மூடின, மூலையில் மைராமின் காலும் நின்றுபோனது.

கனிஷையின் கண் முதலில் சுவிட்சுக்குத்தான் போனது. இருட்டில் தடவிப் பார்த்தாள். பலகை ஆணியோடு அப்படியே இருந்தது. கரண்ட் போயிருக்கிறது, குளிர்காலத்தில் ஊர் முழுக்கப் போவதுதான். அவ்வளவுதான், வேறொன்றுமில்லை. ஆனால் அதை வாய்விட்டுச் சொல்வதற்குள் நாற்காலிகள் மெல்லக் கிரீச்சிட்டன. கால்கள் மடங்குகின்றன. ஒவ்வொரு போனாக அணைகிறது. இருட்டு என்றால் ஆபத்து, ஆபத்து என்றால் மூச்சுக் காட்டக் கூடாது. அவள் சொல்லிக்கொடுத்த பாடம்!

அப்போது மேலே கார்க் கதவு அடித்துச் சாத்தும் சத்தம். படியில் காலடி.

கதவு தட்டப்பட்டது.

"யாராவது இருக்கீங்களா? திட்ட ஆபீசிலேர்ந்து வந்திருக்கோம்."

கெரெஸின் குரல். கனிஷைக்குத் தெரிந்த குரல். போ, கதவைத் திற, இதோ இருக்கிறோம் என்று சொல். அவள் நடந்தாள். கதவு வரைக்கும் போய்விட்டாள். தாழ்ப்பாள் போட்டிருந்தது. எந்தப் புண்ணியவதி போட்டாளோ. அதன் மேல் கை வைத்தாள். கை அசையவில்லை. கூப்பிடலாம் என்று வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு சாண் தூரத்தில் அந்தப் பெண் நிற்கிறாள், காலைத் தட்டிப் பனியை உதறுவதுகூடக் கேட்கிறது, இவளால் ஒரு சொல் சொல்ல முடியவில்லை. கண்ணில் தண்ணீர் கொட்டியது. திற, சனியனே, திற என்று தன் கையையே திட்டினாள், மனசுக்குள்.

"ரெண்டாவது தடவை" என்றது வெளியே ஓர் ஆண் குரல். "எழுதிடலாமா மேடம்?"

"எழுதுங்க" என்றாள் கெரெஸ். காலடிகள் படியேறத் தொடங்கின.

ஒரு படி, இரண்டு படி.

அப்போதுதான் பின்னால், மூலையிலிருந்து அந்தச் சத்தம் கிளம்பியது. டக். டக்டக். டக்டக்டக். பழைய கால் மிஷின். கரண்ட் வேண்டாத மிஷின். அந்த இருட்டில், அந்த அமைதியில், இடி இடித்த மாதிரி இருந்தது. மைராம்! சத்தத்துக்காக எல்லாவற்றையும் பறிகொடுத்த மைராம் தைத்துக்கொண்டிருந்தாள்.

கனிஷைக்கு உயிரே போய்விட்டது. அத்தனை நேரம் வராத குரல் அப்போது பிய்த்துக்கொண்டு வந்தது.

"நிறுத்து!"

அக்கா என்று கூப்பிடக்கூட மறந்துபோய், இருபத்தாறு வருஷத்துப் பயத்தையும் சேர்த்து அப்படிக் கத்தினாள். சுவரெல்லாம் எதிரொலித்தது.

படியில் காலடி நின்றது.

"உள்ளே யாரு?" என்றாள் கெரெஸ்.

கத்திய வேகத்திலேயே கனிஷையின் கை தாழ்ப்பாளை இழுத்துவிட்டது. கதவு திறந்தது. டார்ச் வெளிச்சம் அவள் முகத்தில் விழுந்தது.

"நான்தான் மேடம். நாங்க இருக்கோம். கரண்ட் போயிடுச்சு, அதனால..."

கெரெஸ் டார்ச்சை ஒரு சுற்றுச் சுற்றினாள். ஏழு பெண்கள், காலை மடக்கிக்கொண்டு, கையை மடியில் வைத்துக்கொண்டு, பேயறைந்த மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி மட்டும் தைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏன் எல்லாரும் இப்படி உட்கார்ந்திருக்கீங்க? தட்டினேனே, கேட்கலையா?"

"கேட்டுது."

"அப்புறம்?"

"பயந்துட்டோம்."

"யாருக்கு?"

கனிஷை அவளைப் பார்த்தாள். பொய் சொல்லத் தெம்பில்லை. "உங்களுக்குத்தான்."

கெரெஸ் தன்னோடு வந்தவனிடமிருந்து காகிதத்தை வாங்கி, எழுதியிருந்ததை அடித்துவிட்டு, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு புதிதாக எழுதினாள். தலைகளை எண்ணினாள். மிஷின் எண்களைச் சரிபார்த்தாள். கடைசியில் வாசித்துக் காட்டினாள்: "ஒன்பது பேர். கூடம் இயங்குகிறது." கனிஷை கையெழுத்துப் போட்டாள். கோணல்மாணலாக விழுந்தது.

கிளம்பியவளை எல்னூரா விடவில்லை. "மேடம், நம்ம வழக்கப்படி ரொட்டியில ஒரு வாய் எடுக்காம எப்படிப் போவீங்க?" என்று தட்டை நீட்டினாள்.

"நாங்க எதுவும் வாங்கக் கூடாதும்மா" என்றாள் கெரெஸ். சொல்லிவிட்டு ஒரு பொட்டு கிள்ளி வாயில் போட்டுக்கொண்டாள். "வசந்த காலத்துல மறுபடி வருவேன். எந்த நாள்னு சொல்லமாட்டேன். அந்த ஜன்னல் பெயின்ட்டைச் சுரண்டுங்க, புண்ணியமாப் போகும்."

கார் போகும் சத்தம் தேயும் வரைக்கும் யாரும் அசையவில்லை. பிறகு யாரோ அழ ஆரம்பித்தாள், யாரோ சிரித்தாள். அதற்கு நடுவிலும் மூலையில் டக்டக்டக் என்று கேட்டுக்கொண்டே இருந்தது.

கனிஷை தட்டுத்தடுமாறி அங்கே போனாள். எல்னூரா போன் வெளிச்சத்தைக் காட்டினாள். மைராம் இரண்டு கண்ணையும் இறுக மூடிக்கொண்டிருந்தாள். ஊசிக்கு அடியில் துணியே இல்லை. வெறும் மிஷினைத்தான் அத்தனை நேரமும் மிதித்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"அக்கா, போயிட்டாங்க. போதும்."

கால் நிற்கவில்லை.

"எத்தனை மிஷினைத் தூக்கிட்டுப் போனாங்க?" என்று கேட்டாள் மைராம், கண்ணைத் திறக்காமல்.

கனிஷை அவள் கையைப் பிடித்து இழுத்து, பக்கத்தில் இருந்த புது மிஷின் மேல் வைத்து அழுத்தினாள்.