கொல்லைப்புறத்தில் விழுந்த புள்ளி

எனக்குப் பெண் பார்க்கப் போன ஞாயிற்றுக்கிழமை, வழி காட்டும் வேலையும் என் தலையில்தான் விழுந்தது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். மருந்துச் சீட்டு, பஸ் போர்டு எல்லாம் என்னிடம் வரும்போது மேப் மட்டும் யாரிடம் போகும்? பெண்ணின் அப்பா முன்தினமே போனில் சொல்லியிருந்தார்: "லொகேசன் அனுப்பிட்டேன் தம்பி. தெருவுல யாருகிட்டயும் விசாரிக்காதீக. பேசி முடிக்கிறதுக்குள்ள ஊருக்கே தெரிஞ்சுரும்."

நாலரைக்கு ராகு காலம். அதற்குள் அந்த வீட்டுக்குள் கால் வைத்துவிட வேண்டும் என்று அம்மா பிடிவாதமாக இருந்தார். சமயநல்லூரில் ஏறி, பஸ் மாறி கே.கே. நகரில் இறங்கியபோது நேரம் தாராளமாகவே இருந்தது.

'தெற்கு நோக்கிச் செல்லவும்' என்றது போன். நிற்கிறவனுக்கு எது தெற்கு என்று அது சொல்லாது. கொஞ்ச தூரம் நடந்தால்தான் நீலப் புள்ளி நகரும். நடந்தது தப்பு என்று அப்போதுதான் தெரியும். பழத்தட்டுப் பையோடு அம்மாவும் அப்பாவும் என் பின்னால் போய்த் திரும்ப, தாய்மாமன் மட்டும் அசையவில்லை. "போயிட்டு வாங்க. எப்படியும் இங்கதான வருவீக?"

மாடி வீடுகளுக்கு நடுவே போனால் புள்ளி அடுத்த தெருவுக்குத் தாவும். அதன் பின்னால் நாங்களும் போவோம். கடைசியில் ஒரு மதில் சுவர் முன் நிறுத்தி, தெருவே கேட்கிற சத்தத்தில், 'சேருமிடத்தை அடைந்துவிட்டீர்கள்' என்றது. சுவரில் இருந்தது ஒரு தகரக் கதவு மட்டும். அந்தப் புள்ளிக்கு வாசலும் ஒன்றுதான், கொல்லையும் ஒன்றுதான்.

போன் செய்ததும் பெண்ணின் அப்பா தகரக் கதவைத் திறந்தார். "அட, இங்கிட்டா வந்தீக! பரவால்ல, உள்ள வாங்க. நேரமிருக்கு."

அம்மா நகரவில்லை. "மொதமொதல்ல பொண்ணு பாக்க வந்துட்டு கொல்ல வழியாவாண்ணே நுழையுறது? நாங்க சுத்தி வாரோம்."

"அப்ப நான் வாசல்ல நிக்கிறேன்" என்று அவர் உள்ளே ஓடினார்.

சுற்றிப் போக மேப் ஒரு சந்தைக் காட்டியது. சந்து இருந்தது, அதன் முடிவில் பூட்டிய இரும்புக் கேட்டும் இருந்தது. திரும்பி, முழுத் தெருவையும் சுற்றி வாசலுக்கு வந்தபோது நாலரை தாண்டிவிட்டது. அவரால் 'வாங்க' என்று சொல்ல முடியவில்லை. எதிர் டீக்கடையைக் கையால் காட்டினார்.

ஆறு மணி வரை அந்தக் கடைப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். மல்லிகைப்பூ பையை மீறி மணத்தது. பால் வாங்க வந்த அம்மா ஒருவர், "யாருண்ணே, பொண்ணு பாக்க வந்தவுகளா?" என்று கேட்க, "ஆமா. எதுத்த வீடு. ராகு காலம் முடிஞ்சு போவாக" என்றார் டீக்கடைக்காரர். யாரிடமும் விசாரிக்காமல் வந்த லட்சணம் இது.

"அம்புட்டுப் படிக்க வச்சோம்" என்றார் மாமா, டீயை ஆற்றிக்கொண்டே.

எதிர் வீட்டு மொட்டை மாடியில் துணி எடுக்க வந்த பெண் எங்களைப் பார்த்துச் சிரித்தாள். நான் பார்க்க வந்த பெண்ணா, அவள் தங்கையா என்று எனக்குத் தெரியவில்லை.

ஆறானதும் எழுந்தோம். டீக்கடைக்காரர் கிளாஸைக் கழுவியபடியே சொன்னார்: "ரோட்டத் தாண்டினா வீடு தம்பி. எதுக்கும் மேப் போட்டுக்கங்க."