நடுவில் வைத்த பெயர்

ஸ்பானிஷ்காரர்களும் இங்கிலீஷ்காரர்களும் ஒரே மாதிரி கூப்பிடக்கூடிய ஒரு பெயரைத் தேடிப் பிடித்து, ஓர் ஆண் குழந்தைக்கு வைத்தவன் நான்தான். அத்தாட்சி வேண்டுமென்றால் நான் ஓட்டும் ஸ்கூல் பஸ்ஸில் டிரைவர் தலைக்கு மேல் இருக்கும் சன்ஷேடைக் கீழே இழுத்துப் பாருங்கள். பெயர்களை எழுதி எழுதி அடித்த மஞ்சள் தாள் ஒன்று செருகியிருக்கும். அஜ்மான் ரூமில் என்னோடு இருக்கும் ஏழு பேருக்கும் அதைக் காட்டியிருக்கிறேன். சொன்னது அத்தனையும் பொய். தாள் மட்டும் நிஜம். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னிடமிருந்து தப்பித்துக்கொண்டது. சொந்த மகளுக்குத் தமிழில் நான் பார்த்துவைத்த பெயரையே என் மனைவி போனில் ஒரே வார்த்தையில் தள்ளிவிட்டாள். அந்தக் குழந்தையின் பெயரில் என் பங்கு என்று ஒன்றே ஒன்று உண்டு. அதற்கு வருகிறேன்.

அப்போது நான் துபாயில், மிர்திஃபில் ஒரு வீட்டுக்கு டிரைவர். மேடத்துக்குக் கொலம்பியா, பேச்சு ஸ்பானிஷ். சாருக்கு லண்டன். மேடம் நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்தார். ஆண் குழந்தை என்று ஸ்கேனில் தெரிந்துவிட்டது. பெயர் மட்டும் அமையவில்லை. இரண்டு ஊர்ப் பிள்ளைகளும் நாக்கு சுளுக்காமல் கூப்பிட வேண்டும் என்பது சாரின் சட்டம். பார்க்கப் போனால் நியாயமான சட்டம்தான். ஆனால் மேடத்தின் மனசில் ஒரே ஒரு பெயர்தான் இருந்தது, அன்செல்மோ. அது அவருடைய அப்பா பெயர். இரண்டு மாதம் முன்னால்தான் அவர் கொலம்பியாவில் இறந்துபோயிருந்தார். இந்த நிலையில் விமானம் ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் மேடம் போகவில்லை. அடக்கம் செய்ததை என் வண்டியின் பின்சீட்டில் உட்கார்ந்து போனில் பார்த்தார். ஏர்போர்ட் ரோட்டில் நான் அவ்வளவு மெதுவாக வண்டி ஓட்டியது அன்றைக்குத்தான். பின்னால் வந்தவனெல்லாம் ஹாரன் அடித்தான். அடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

சார் கெட்டவர் இல்லை. மேடம் அந்தப் பெயரை எடுத்தபோது பக்கத்தில் உட்கார்ந்து பயத்தோடுதான் சொன்னார்.

"எங்க ஊர் ஸ்கூல் பசங்களப் பத்தி உனக்குத் தெரியாது. அன்செல்மோன்னு ஒருத்தன் போய் நின்னா, மத்தியானத்துக்குள்ள அழ வெச்சிடுவாங்க."

"எங்கப்பா அழாமதான் வளர்ந்தாரு" என்றார் மேடம். அதற்குப் பிறகு அந்தப் பெயரை அவர் எடுக்கவே இல்லை. மறுநாள் மஞ்சள் தாளோடு வண்டியில் ஏறினார்.

அப்புறம் எங்கள் பயணமெல்லாம் பெயர்ப் பரீட்சைதான். மேடம் ஒரு பெயரைத் தன் வழியில் சொல்வார், பிறகு சார் சொல்கிற மாதிரி சொல்வார், மூன்றாவதாக நான் சொல்ல வேண்டும். "உங்க வாயில உடையாத பேரு உலகத்துல எங்கயும் உடையாது" என்பது அவர் கணக்கு. நாங்கள் பேசியது ஓட்டை இங்கிலீஷில். அப்படியே எழுதினால் மானம் போவது எனக்குத்தான் என்பதால் தமிழில் எழுதுகிறேன். ஹியூகோ போனது, சார் வாயில் இருந்த முதல் எழுத்து மேடம் வாயில் இல்லை, 'ஊகோ' என்றார். ஜார்ஜ் அவர் வாயில் ஏதோ இருமல் மாதிரி வந்தது, அதுவும் போனது. நானும் சும்மா இருக்காமல் கார்த்திக், சதீஷ், ரமேஷ் என்று எடுத்துவிட்டேன். மேடம் மரியாதைக்காக ரமேஷை மட்டும் எழுதி, அடுத்த சிக்னலில் அடித்தார். கடைசியில் டேனியல் மட்டும் அடிபடாமல் நின்றது. என் வாயிலும் உடையவில்லை.

ஆனால் மேடத்தின் முகத்தில் சந்தோஷம் இல்லை. அன்று ஆஸ்பத்திரி பார்க்கிங்கில் ஏசியைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தோம், டாக்டரைப் பார்க்க இன்னும் நேரம் இருந்தது. மசக்கை தீர்ந்த பிறகும் அவருக்கு மாங்காய் ஆசை தீரவில்லை. ஷார்ஜா மார்க்கெட்டில் நான் வாங்கிவந்த பச்சை மாங்காயைக் கீறி உப்புப் போட்டுக் கொடுத்தேன். அவர்கள் ஊரிலும் இப்படித்தான் தின்பார்களாம். மிளகாய்த்தூளைத் தூவியது மட்டும் என் கைவரிசை. கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"காத்தமூத்தோ, உங்க ஒய்ஃப் போன்ல செல்வம்னு கூப்பிடுறாங்க. அப்ப காத்தமூத்தோ யாரு?"

"அது எங்கப்பா மேடம்."

நம் ஆட்களுக்குக் குடும்பப் பெயர் ஏது? பாஸ்போர்ட்டில் அந்தக் கட்டத்தைக் காலியாக விடாமல் அப்பா பெயரைப் போட்டார்கள். வந்து இறங்கிய நாளிலிருந்து கம்பெனி, கேம்ப், கிளினிக் எல்லா இடத்திலும் நான் காத்தமுத்துதான். செல்வத்தைச் சென்னை விமான நிலையத்திலேயே விட்டுவிட்டு வந்த மாதிரி.

"கோவம் வரலயா?"

"மொதல்ல வந்துச்சு மேடம். யாரையோ கூப்பிடுறாங்கன்னு நின்னுக்கிட்டே இருப்பேன், ரெண்டு நாள் ஆப்சென்ட் போட்டுட்டாங்க."

அதோடு நிறுத்தியிருக்கலாம். மாங்காய் காரமோ என்னவோ, மீதியும் வந்துவிட்டது. டிரைவர் ஆவதற்கு முன்னால், கட்டட வேலைக்கு வந்து லேபர் கேம்பில் இருந்தபோது எங்கப்பா இறந்துபோனார். வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை, லீவு இல்லை. மறுநாள் காலையில் சைட்டுக்குப் போக வரிசையில் நின்றேன். டைம்கீப்பர் எப்போதும் போல லிஸ்ட்டைப் பார்த்து "காத்தமுத்து!" என்று கத்தினான். ஊரில் எங்கப்பாவை யாரும் முழுப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. பெரிய வீட்டுக்காரர்களுக்கு அவர் "டேய்", மற்றவர்களுக்கு "காத்தா". அவரை எரித்த மறுநாள், அவர் பார்க்காத ஒரு நாட்டில், இருநூறு பேர் காதில் விழ முழுப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். "ஹாஜிர்", இருக்கிறேன் என்று கையைத் தூக்கினேன். அதிலிருந்து எனக்குக் கோபம் வருவதில்லை.

மேடம் மாங்காய்க் கையைத் துடைத்துவிட்டுப் பேனாவை எடுத்தார். டேனியலுக்குப் பக்கத்தில் அன்செல்மோ என்று எழுதினார்.

அன்று சாயங்காலம் வீடு திரும்பும்போது சாரும் வண்டியில் இருந்தார். தாளை வாங்கிப் பார்த்தவர் நிம்மதியாக மூச்சு விட்டார். "நடுப் பேரா? டேனியலுக்கும் எங்க குடும்பப் பேருக்கும் நடுவுலதானே, தாராளமா வைக்கலாம். நடுப் பேர யாரும் கூப்பிடவே மாட்டாங்க." என்னைப் பார்த்து, "என்ன காத்தமுத்து, சரிதானே?" என்றும் கேட்டார்.

என் பங்கு இங்கேதான் வருகிறது. இந்த ஊர் வழக்கத்தில் ஒருவன் பெயரை அடுத்து வருவது அவன் அப்பா பெயர். கவுண்ட்டரில் உட்கார்ந்திருப்பவர்கள் அப்படித்தான் படிப்பார்கள். வந்து சில வருடமே ஆன சாருக்கு அது தெரியாது. மேடத்துக்கும் தெரியாது. ஓட்டை வாயன் என்று கேம்பே பட்டம் கொடுத்திருந்த எனக்கு நன்றாகத் தெரியும். "சரிதான் சார்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கண்ணாடியைப் பார்த்து ஓட்டினேன். வாழ்க்கையில் நான் வாயை மூடியது அந்த ஒரு தடவைதான்.

பையனுக்கு முதல் தடுப்பூசி போட நாங்கள் எல்லோரும்தான் போனோம். பையைச் சுமக்க நானும் உள்ளே போனேன். கவுண்ட்டரில் இருந்த பெண் காகிதத்தைப் பார்த்துத் தலையைத் தூக்கினாள்.

"மிஸ்டர் அன்செல்மோ!"

மேடம் சட்டென்று திரும்பினார். அப்பா அந்த வாசல் வழியாக உள்ளே வந்துவிட்ட மாதிரி. சார் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மிஸ்டர் அன்செல்மோ! டேனியலோட ஃபாதர்!"

சார் நிமிர்ந்தார். அது நான் இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தவர் மேடத்தின் முகத்தைப் பார்த்தார். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, மூச்சுகூட விடாமல் மேடம் நின்றிருந்தார். சார் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, "யெஸ்" என்று கவுண்ட்டருக்குப் போனார்.

அடுத்த தடுப்பூசிக்கும், அதற்கடுத்ததற்கும் அவர் மிஸ்டர் அன்செல்மோதான். ஒரு தடவைகூடத் திருத்தவில்லை. "உங்களுக்கு முன்னாடியே தெரியும், இல்ல?" என்று ஒருநாள் என்னைக் கேட்டார். "எனக்கு என்ன சார் தெரியும், அஞ்சாங்கிளாஸ்" என்றேன்.

அவர்கள் லண்டன் போய், நான் ஸ்கூல் பஸ்ஸுக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது. வண்டியைக் காலி செய்தபோது இந்தத் தாளை மேடமே சன்ஷேடிலிருந்து எடுத்து என் கையில் கொடுத்தார். போன வெள்ளிக்கிழமை பையன் வீடியோ காலில் வந்தான். ஆறு வயது, முன்பல் இரண்டும் இல்லை. "ஸ்கூல்ல ஃப்ரெண்ட்ஸ் உங்கள என்னன்னு கூப்பிடுறாங்க?" என்று கேட்டேன். பின்னால் அப்பா இருக்கிறாரா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, போனை வாய்க்குப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு அவன் என்ன சொன்னான் தெரியுமா—

"காத்தமுத்து! யல்லா பாய், பஸ் நிகாலோ! ஜல்தி!"

சூப்பர்வைசர், சீக்கிரம் பஸ்ஸை எடுக்கச் சொல்கிறான். பள்ளிக்கூடம் விடும் நேரம். மஞ்சள் தாளை மடித்து சன்ஷேடில் செருகுகிறேன். அப்பாவைக் கூப்பிடுகிறார்கள், நான் போக வேண்டும்.